மறதிநோய் மருந்தும் ஆன்மவறிவும்

எம்மோடு ஒருங்கிருந்து சித்தாந்த சாத்திரம் பாடங்கேட்ட அன்பர் ஒருவர் சில ஆண்டுகளாக அமெரிக்காவில் தம் மகள் மனையில் வதிகின்றார். எழுபதாம் ஆண்டை அணுகிய அவர், தமக்கு அல்சைமர் என்னும் மறதிநோய் தொடக்கநிலையில் உளதென மருத்துவர் துணிந்தனர் என்றும், அதன் வேகத்தைத் தணிக்கும் ஊசிமருந்து அந்நாட்டில் வழங்குகின்றது என்றும், அதனை ஏற்பதோ விடுப்பதோ என்று தாம் துணியமாட்டாது நிற்கின்றார் என்றும் எமக்கு எழுதினார். வினையால் வந்த நோயை நுகர்ந்து கழிப்பதன்றோ சைவர் கடன், அதனைத் தடுக்கப் புகுதல் ஆகாமியம் ஈட்டுவதாகாதோ என்று வினவினார். ஐம்பதாண்டு ஓதிய திருமுறையும் சாத்திரமும் மறந்தொழியுமாயின் யான் ஓதியது யாதாய் முடியும் என்றும் வினவினார். மூன்றாவதை அவர் வினாவாக எழுதவில்லை. ஐந்தெழுத்தையும் மறந்துவிடுவேனோ என்று ஒரு வரி கடிதத்தின் ஓரத்தில் இருந்தது.

அவருக்குத் தனியே விடை எழுதினேம். ஆயினும் இவ்வினாக்கள் அவரொருவர்க்கே உரியன அல்ல. முதுமை எய்துவார் பலர்க்கும், அவரைப் பேணும் மக்கட்கும் உரியன. ஆன்மா கரணங்களின் வேறு என்று நாள்தோறும் பாடஞ்சொல்லும் நாம், கரணம் கண்முன்னே தளர்கின்ற ஒருவருக்கு அதனை எவ்வாறு சொல்வது என்பதும் ஆராயத்தக்கதே. ஆதலின் இப்பத்திரிகையில் எழுதலாயினேம்.

நோயையும் மருந்தையும் உள்ளவாறு அறியாது சாத்திரம் பேசுதல் பயனின்று. 1901-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டுப் பிராங்க்பர்ட் நகரத்து மருத்துவமனையில் 51 வயதுடைய பெண்மணி ஒருவர் சேர்க்கப்பெற்றார். அலாய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் அவரை வினவி, விடைகளை உடனுக்குடன் குறித்துவைத்தார். தம் பெயரை எழுதத் தொடங்கி முடிக்கமாட்டாது நின்ற அப்பெண்மணி, தாம் தம்மையே இழந்துவிட்டதாகக் கூறினார் என்பது அம்மருத்துவமனைக் குறிப்பிற் காணப்படுவது. 1906-ல் அவர் இறந்தபின் மூளையை நுண்ணோக்கியால் ஆராய்ந்த அல்சைமர், நரம்பணுக்களின் புறத்தே ஒருவகைப் படிவும் அகத்தே முறுக்குண்ட நாரும் கண்டு, அவ்வாண்டு நவம்பரில் டியூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர் அவையில் அறிவித்தார். 1910-ல் கிரேப்லின் என்பார் தம் நூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே இட்டார். புறத்துப் படிவு அமிலாய்டு என்னும் புரதத்தால் ஆயதென்றும், அகத்து நார் டௌ என்னும் புரதத்தால் ஆயதென்றும் பின்வந்தோர் கண்டனர்.

இப்பொழுது பேசப்படும் ஊசிமருந்துகள் அமிலாய்டைப் பற்றி அகற்றும் எதிர்ப்பொருள்கள். இவற்றுள் முன்னர் வந்தது அடுகனுமாப். அமெரிக்க மருந்தாணையத்துக்கு ஆலோசனை கூறும் அறிஞர் குழு 2020 நவம்பரில் அதற்கு இசையவில்லை. எனினும் 2021 ஜூனில் ஆணையம் உரிமம் வழங்கிற்று. குழுவினர் மூவர் விலகினர். ஆண்டொன்றுக்கு 56,000 டாலர் என்று சொல்லப்பெற்ற விலை அவ்வாண்டின் இறுதியில் ஏறத்தாழப் பாதியாயிற்று. 2024-ன் தொடக்கத்தில் அம்மருந்தை ஆக்கிய நிறுவனமே அதனைக் கைவிட்டது. மருந்து படிவை அகற்றியது மெய்; படிவு அகன்றமையால் மறதி தணிந்தது என்பது ஐயமற நிறுவப்படவில்லை. துன்புறுவோர் மிகப்பலராய், மருந்தோ இன்றாய் இருக்குமிடத்து, நம்பிக்கையே விலைப்பொருளாதல் எளிது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

அடுத்து வந்த லெக்கனெமாப் அத்தகையதன்று. 2023 ஜூலையில் அமெரிக்காவிலும், செப்டம்பரில் ஜப்பானிலும் அதற்கு முழு இசைவு கிடைத்தது. தொடக்கநிலை நோயினர் 1,795 பேரை இருசாராராக்கி, ஒருசாரார்க்கு மருந்தும் மற்றவர்க்கு மருந்தில்லா நீரும் 18 திங்கள் செலுத்தி ஆராய்ந்தனர். நினைவு, திசையறிவு, மனைத்தொழில் முதலியவற்றின் தளர்ச்சியை 18 எண் வரையுள்ள அளவுகோலால் அளந்தபோது, மருந்தில்லாதார் 1.66 அளவு தாழ்ந்தனர்; மருந்துபெற்றார் 1.21 அளவு தாழ்ந்தனர். வேற்றுமை 0.45. தாழ்வின் வேகம் நூற்றுக்கு 27 பங்கு குறைந்தது என்று சொல்லப்படுவது இதுவே. இருசாராரும் தாழ்ந்தனர் என்பதை மறத்தலாகாது. இழந்த நினைவை இம்மருந்து மீட்பதன்று. இழப்பின் நடையைச் சிறிது தளர்த்துவது. 2024 ஜூலையில் அமெரிக்காவில் உரிமம் பெற்ற டோனனெமாப் திங்கட்கொருமுறை செலுத்தப்படுவது. படிவு நீங்கியபின் நிறுத்தற்குரியது. பயன் ஏறத்தாழ இத்தகையதே.

தீங்கும் உண்டு. அமிலாய்டு மூளையின் குருதிக்குழாய்ச் சுவரிலும் படிந்திருத்தலின், அதனை அகற்றுங்கால் மூளையில் வீக்கமும் நுண்ணிய குருதிக்கசிவும் நேர்கின்றன. லெக்கனெமாப் பெற்றாருள் வீக்கம் நூற்றுக்கு 12.6 பேர்க்கும், கசிவு 17.3 பேர்க்கும் படத்திற் காணப்பெற்றன. பெரும்பாலார் ஒன்றும் உணரவில்லை; சிலர் தலைநோவும் மயக்கமும் உற்றனர்; அரிதாக உயிர்க்கேடும் நேர்ந்துள்ளது. அப்போ-ஈ 4 என்னும் மரபணுவைத் தாய்வழியும் தந்தைவழியும் இரட்டையாகப் பெற்றார்க்கு வீக்கம் நூற்றுக்கு 32.6 ஆயிற்று; அதனால் துன்பம் உணர்ந்தார் 9.2. அம்மரபணு இல்லாதார்க்கு வீக்கம் 5.4 மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஏப்ரலில் உரிமம் வழங்கியபோது இரட்டை மரபணுவினரை விலக்கியே வழங்கிற்று. எம் அன்பர் அவ்விரட்டை மரபணுவினர். அமெரிக்க மருத்துவர் அவருக்கு இதனை மறையாது கூறி, விரும்பின் செலுத்துவேம் என்றனர். முடிவு அவர்மேல் விழுந்தது இவ்வாறே.

இனி முதல் வினாவை எடுத்துக்கொள்வாம். பிராரத்தம் உடலூழாய் நின்று ஊட்டப்படுவது. நுகராது அதனைக் கழித்தல் ஒருவர்க்கும் இயலாது. இதில் ஐயமில்லை. ஆயின் இந்நோய் முற்றி யாவும் மறக்குந்துணையும் செல்வதே தம் பிராரத்தம் என்பதை அன்பர் எவ்வாறு அறிந்தார்? நோய் வந்தமை வினைப்பயனாயின், அந்நோய்க்கு மருந்து வழங்கும் நாட்டில், அது வழங்கத்தொடங்கிய காலத்தில், தாம் இருக்க நேர்ந்தமையும் வினைப்பயனே. மருந்து பலித்தலும் வினைப்பயன், பலியாமையும் வினைப்பயன். இவற்றுள் ஒன்றனை மட்டும் வினையென்று பற்றி ஏனையவற்றை விடுதல் அளவை நூலுக்கு ஒவ்வாது.

அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில், இறைவன் வினைப்பயனை ஊட்டி உயிரின் பிணி தீர்க்குமாறு கூறுமிடத்து, மருத்துவன் சில நோயை அறுத்தும் கீறியும் தீர்த்தலையும், சிலவற்றை இனியன ஊட்டித் தீர்த்தலையும் உவமை காட்டினார். மருத்துவன் தொழில் வினைக்கு மாறாயதாயின் அதனை இறைவன் தொழிலுக்கு உவமையாக்குவரோ? இன்னும், ஆளுடையபிள்ளையார் கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபோது உடன்வந்த அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தினர். அது வினையென்று சொல்லி அவர்களைப் பிள்ளையார் வாளா இருக்கச் செய்தாரல்லர். திருநீலகண்டத் திருப்பதிகம் அருளினார். வினையால் வந்ததென்று அறிந்து பேசுவோர் அதனின்று உய்யும் வழியை நாடாதிருத்தல் குறையன்றோ என்பது அதன் முதற்பாட்டின் கருத்து. எம் அன்பர் அப்பதிகத்தை எம்மினும் நன்கு ஓதவல்லவர். அச்சம் வந்துழி ஓதியது துணைக்கு வாராமை எல்லார்க்கும் இயல்பு.

ஆகாமியம் பற்றி ஒருசொல். ஆகாமியம் ஏறுவது மருந்துண்ணும் செயலான் அன்று. யான் எனது என்னும் பற்றான் ஆகும். அப்பற்று மருந்தை மறுத்தலினும் நிகழும். யான் ஊழை அஞ்சாது நுகர்கின்றேன் என்னும் செருக்கு, நெடிது வாழ ஊசி ஏற்பானது ஆசையினும் வலிதாதல் கூடும். ஆகவே வினையின் பெயரால் இம்மருந்து விலக்கப்படுமாறு இல்லை. விதிக்கப்படுமாறும் இல்லை.

இரண்டாம் வினா ஆழமுடையது. தம்மை இழந்துவிட்டதாகக் கூறிய அந்த ஜெர்மானியப் பெண்மணியின் சொல்லை மீண்டும் நோக்குவாம். இழந்தேன் என்றறிந்தது யாது? இழக்கப்பட்டதே அறிந்ததெனின் அமையாது, இழக்கப்பட்டது இல்லாதொழிந்தது. மெய்கண்டதேவர் மூன்றாஞ் சூத்திரத்தில், இல்லை என்று கூறும் அறிவு உண்மையின் உயிர் உண்டென்று நாட்டியது இதுபற்றியே. ஒவ்வொன்றையும் இஃதன்று இஃதன்று என்று கழிக்கின்ற ஒன்று கழிக்கப்படாது நிற்கும். சித்தாந்தம் ஒருநாளும் கேட்டறியாத அப்பெண்மணியின் வாயினின்று சித்தாந்தத்தின் முதற்பிரமாணம் பிறந்தது.

நோய் முற்றியபின் இழந்தேன் என்றும் சொல்லாரே, அப்பொழுது உயிர் உண்டென்பதற்கு யாது சான்று எனின், உறங்குவான் யான் உறங்குகின்றேன் என்று சொல்லுவானல்லன். அதனால் அவன் இலன் ஆகான். அறியாமையுள் கிடப்பதும் உயிரின் ஒரு நிலையே என்பதைப் பிறமதத்தார் மறுப்பினும் நாம் மறுக்கமாட்டேம். நம் சாத்திரம் அவத்தைகளை விரித்தது வீணன்று. நான்காஞ் சூத்திரத்தில் ஆன்மா அந்தக்கரணங்களின் வேறாய், அவற்றொடு கூடி, அமைச்சரொடு கூடிய அரசன்போல் நிற்கும் என்றார். மனம் பற்றும், சித்தம் சிந்திக்கும், அகங்காரம் எழும், புத்தி துணியும். இவை சூக்குமவுடம்பிற்கு உரியன. மூளையோ தூலவுடம்பின் உறுப்பு. அமிலாய்டு படிவதும், டௌ முறுக்குவதும், ஊசிமருந்து சென்று துடைப்பதும் தூலத்திலேயே. அமைச்சர் இறந்தாரல்லர், அவர் இருந்து பணிபுரியும் மண்டபம் இடிந்தது. தூலம் விழுந்தபின்னும் சூக்குமம் உயிரொடு செல்லும் என்பது நம் துணிபாகலின், ஓதியதன் வாசனை மூளையொடு எரிக்கப்படுவதன்று. அன்பர் ஐம்பதாண்டு ஈட்டியது எங்கும் போகவில்லை என்று யாம் எழுதியது ஆறுதலுக்காக அன்று. நூல் அவ்வாறு கூறுதலின் எழுதினேம்.

ஈண்டு ஒரு மயக்கத்தை விலக்கல் வேண்டும். உலகை மறத்தலே ஞானம், மறதிநோயாளர் முயலாமலே மோனநிலை எய்தினர், அவர்க்கு மருந்தூட்டி உலகத்துக்கு மீட்பது பிழை என்று ஒருவர் சொற்பொழிவிற் கூறக்கேட்டேம். இது கேட்க இனிது; முழுதும் பொய். கரணம் நீங்குதல் கேவலத்தும் உண்டு, சுத்தத்தும் உண்டு. ஆணவ இருளால் ஒன்றும் அறியாது கிடப்பது கேவலம். அருளொளியால் கரணங்களைக் கடந்து சிவத்தை அறிந்து நிற்பது சுத்தம். இருளில் ஒன்றுங் காணாதானும், ஞாயிற்றை நோக்கிப் பிறிதொன்றுங் காணாதானும் ஒப்பாரோ? மறதிநோய் சகலத்திற் கேவலத்தை ஒத்தது. அதனை மோனம் எனல் நோயாளரை இகழ்வதோடு ஞானியரையும் இகழ்வதாகும். அந்நிலையில் அவர் படும் அச்சத்தை, மாலைப்பொழுதில் தம் மனையையே பிறர் மனையென்று எண்ணி வீட்டுக்குப் போகவேண்டும் என்று அழுவதை, அருகிருந்து கண்டார் எவரும் இவ்வாறு பேசார்.

இவ்வாறு கொள்ளவே மருந்தின் பயன் யாதென்பது புலனாகும். பெத்தநிலையில் உயிர்க்குக் கரணத்தின் உதவியின்றி அறிவு விளங்காது. கண்ணுக்கு ஒளி வேண்டுமாறு உயிர்க்குக் கரணம் வேண்டும். ஆகலின் கரணம் இயங்கும் நாட்கள் விலையுடையன. இங்கிலாந்தில் 2024 ஆகஸ்டில் மருந்தொழுங்குத் துறை லெக்கனெமாப்புக்கு உரிமம் வழங்கிய அன்றே, பொதுப்பணத்தில் அதனை வழங்கத்தகுமா என்று ஆராயும் நிறுவனம், நோய் முற்றுதல் நான்கு முதல் ஆறு திங்கள் தாழ்க்கப்படும் என்று கணித்து, அப்பயன் செலவுக்கு ஈடாகாது என வரைவுமுடிபு கூறிற்று. அரசின் கணக்கு அது, அரசுக்கு வேறு நோயாளரும் உளர், அதனைப் பழிக்கமாட்டேம். ஆயினும் நான்கு திங்கள் என்பது ஒருவருக்கு அற்பமோ அன்றோ என்பதை அந்நான்கு திங்களில் அவர் செய்யக்கருதுவது கொண்டே அறிதல் வேண்டும். பகைத்த உடன்பிறந்தானை அழைத்துப் பேசுதற்கு ஒருநாள் போதும். தீக்கை பெறாதார் தீக்கை பெறுதற்கு ஒருதிங்கள் போதும். ஒன்றும் கருதாதார்க்கு நாலாண்டும் மிகையே.

கொடுப்பது மட்டுமன்றிக் கொள்வதையும் எண்ணுதல் வேண்டும். இருவாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனை சென்று ஏறத்தாழ ஒருமணிநேரம் நரம்புவழி மருந்து ஏற்றல். 18 திங்களில் அவ்வாறு 39 முறை. இடையிடையே மூளையை எம்.ஆர்.ஐ. படம் எடுத்தல். பதினெட்டுத் திங்கள் கழிந்தபின் மனையிலேயே வாரமொருமுறை தோலின்கீழ் ஏற்றிக்கொள்ளும் ஊசிக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இசைவளித்தது. வருத்தம் அவ்வளவிற் குறையும். ஆண்டுக்கு 26,500 டாலர் என்று 2023-ல் குறித்த விலையில் ஒரு பங்கே அன்பரைச் சாரும் என்று அவர் மகள் எழுதினார். எனவே பொருள் அவர்க்குத் தடையன்று. பிறர்க்கு அதுவே முதற்றடை.

யாதுதான் உமது துணிபு என்று வினவுவார்க்கு மறையாது கூறுதும். யாம் மருத்துவரல்லேம். ஆயினும் எமக்கு இந்நோய் நேர்ந்து, அம்மரபணு இல்லையாயின், யாம் இம்மருந்தை ஏற்பேம். அன்பரைப்போல் இரட்டையாக உளதாயின் ஏலேம். நான்கு திங்களின் பொருட்டு, மூவருள் ஒருவர்க்கு நேரும் வீக்கத்தையும், அதனால் இருக்கின்ற தெளிவும் கெடுதலையும் ஏற்க எம் புத்தி துணியவில்லை. ஆனால் அவர் ஏற்பாராயின் அவரைச் சைவநெறியிற் பிறழ்ந்தாரென்று சொல்லுதற்கு எவர்க்கும் உரிமையில்லை. வேறொன்றை மட்டும் வற்புறுத்தி எழுதினேம்: தம்மையே இழந்துவிடுவேம் என்னும் அச்சத்தால் ஊசியை ஏற்கவேண்டா. இழக்கப்படுவது உயிரன்று. விளக்கு நின்றெரியுமாறு நெய்வார்ப்பான்போல் ஏற்பின் ஏற்கலாம். விளக்கு அவியின் தானே அவிந்தானாகக் கருதி ஏற்பது வேண்டா.

துணிவது அவராதல் வேண்டும் என்பதும் எழுதினேம். இம்மருந்துகள் தொடக்கநிலையினர்க்கே உரியன. நோய் முற்றினார்க்குச் செலுத்தப்படுவன அல்ல. ஆகவே மருந்துக்குரிய காலமும், புத்தி துணியும் ஆற்றலுடைய காலமும் ஒன்றாய் அமைந்தன. மக்கள் அன்பினாலே தாமே முடிவுசெய்து தந்தையிடம் இது சத்து ஊசி என்று சொல்லும் வழக்கம் நம்மவருள் உண்டு. அஃது அரசன் இருக்கவே முத்திரையைப் பிறர் கைக்கொள்வது போலும். திருவள்ளுவர் மருந்தென்னும் அதிகாரத்து இறுதிக்குறளில் நோயுற்றவனை முதற்கண் வைத்து, தீர்ப்பானையும் மருந்தையும் அருகிருந்து உதவுவானையும் பின்வைத்தார். அந்நான்காமவர் இந்நோயில் ஏனை மூவரினும் நெடுநாள் உழைப்பவர். நான்காமவராகிய அம்மகளுக்கும் ஒரு தனிக்கடிதம் எழுதினேம். அதனை ஈண்டு வெளியிடேம்.

கடிதத்தின் ஓரத்து வரிக்கு விடைகூறுதலே அரிதாயிற்று. தாம் மறந்தவிடத்தும் தம் நா ஐந்தெழுத்தை மறவாது சொல்லும் என்னும் கருத்தமைய நம்பியாரூரர் திருப்பாண்டிக்கொடுமுடியிற் பாடியருளியதை அவருக்கு நினைவூட்டினேம். நெடுநாட் பயின்ற பாட்டும் துதியும் இந்நோயாளர் பலரிடத்து ஏனைய நினைவுகள் அகன்றபின்னும் எஞ்சிநிற்றலை மருத்துவரும் கூறுவர். அவ்வாறு நா சொல்லுதல் பயிற்சியின் விளைவன்றி அன்பின் விளைவோ என ஐயுறுவார் உளர். பயிற்சிதான் எதனால் உண்டாயிற்று? மேலும், நாவும் ஓய்ந்துவிடினும் என் செய்வது எனின், உயிர் தன்னையும் தலைவனையும் அறியாது கிடந்த கேவலத்தும் அதனை விட்டு நீங்காதிருந்தவன் இறைவன். அன்று நாம் அவனை நினைந்திருந்தேம் அல்லேம். நினைவு நம்பால் இல்லாதபோழ்தும் பிடி அவன்பால் உளது. யாம் சொல்லவல்லது இவ்வளவே.

ஒன்று மட்டும் எம்மால் முடிவுசெய்யக்கூடவில்லை. அதனை ஆதீனத்து வித்துவான்கள் முன் வைக்கின்றேம். பாலர், முதியர், நோயர் முதலாகச் சமயாசாரத்தை இயற்றமாட்டாதார்க்கு நிர்ப்பீச தீக்கையும், இயற்றவல்லார்க்குச் சபீச தீக்கையும் வகுக்கப்பட்டுள்ளன. வல்லராயிருந்தபோது சபீச தீக்கை பெற்று நித்தியகருமம் வழுவாது இயற்றிவந்த ஒருவர், பின்னர் இந்நோயால் அதனை மறந்து விடுவாராயின், அவ்விடுகை அவருக்குக் குற்றமாமோ? ஆமெனின் அதற்குக் கழுவாய் அவர்பொருட்டு ஆசாரியரோ மக்களோ இயற்றலாமோ? குற்றமாகாது என்பதே எம் கருத்து. ஆயினும் கருத்து வேறு, ஆகமப் பிரமாணம் வேறு. எம் அன்பர் சபீச தீக்கை பெற்றவர். இன்றும் விடியலில் எழுந்து பூசை இயற்றுகின்றார்; சிலநாள் ஒருமுறை முடித்ததை மறந்து மீண்டும் தொடங்குகின்றார் என்று மகள் எழுதியுள்ளார். இவ்விதழை அவருக்கு விடுக்கின்றேம். பிரமாணம் காட்டவல்ல பெரியோர்கள், அவர் படித்தறியும் நிலையில் இருக்கும்போதே கிடைக்குமாறு, வரும் இதழுக்கே தாழாது எழுதியனுப்புவாராக.